இரண்டாவது கிண்ணம்

அண்ணே,

சமையல்காரர் இன்று காலை மாதிரிக்கு நாலு துண்டு வஞ்சிரம் கொண்டுவந்தார். மிளகும் எலுமிச்சையும் தடவி, எண்ணெய் அதிகம் காட்டாமல் சுட்டது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, ருசி பார்க்காமலே சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிறான். பூசை முடிந்து மூலக்குளம் வீட்டு மாடியில் விருந்து. உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் போட்ட அதே மெனுதான்: தினைக் கிச்சடி, சுண்டல், சுட்ட மீன், கொய்யாத் துண்டு. எல்லாம் சின்னக் கிண்ணத்தில், ஆளுக்கு ஒன்று. நம் சொந்தத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. நான் வேறு என்ன செய்ய?

அன்று உனக்கும் இதைத்தான் சொன்னேன். சர்க்கரையால் வந்த உன் கால் புண் அப்போதுதான் ஆறியிருந்தது. நீ கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய்.

"இது என்னா, வெள்ளக்காரன் வூட்டு விருந்தா? கூப்புட்டு வச்சி சாம்பிள் குடுக்குறே?"

"உனக்கு உசுரு வேணுமா, பிரியாணி வேணுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும்தான்.

உன் வீட்டுப் பந்தியில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குண்டானைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக நடப்பாய். போதும் என்று யாராவது கையை நீட்டி மறைத்தால், விரல் இடுக்கில் ஒரு கரண்டி தள்ளுவாய். "மொத போதும்லாம் கணக்குலியே கெடயாது" என்பாய். அன்று உன்னிடம் குண்டானும் இல்லை, கரண்டியும் இல்லை. வெறுங்கையோடு, "போதுமா? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றி வந்தாய். மரியாதைக்கு எல்லாரும் போதும் என்றார்கள். மேலே வைக்க உன்னிடம் ஒன்றும் இல்லை. உன் பிறந்தநாளில் உன்னிடமிருந்து அதைப் பிடுங்கியது நான்தான்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் உன் கையில் இரண்டு கிண்ணம் கிச்சடி. ஓடி வந்து ஒன்றைப் பறித்தேன்.

"வெக்கமா இல்லியாண்ணே? திருட்டுத்தனமா ரெண்டா?"

"போலீசு வந்துடுச்சிப்பா" என்று சிரித்துக்கொண்டு நகர்ந்தாய். ஊரே பார்த்தது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷமே மாரடைப்பில் போய்விட்டாய். உன் முப்பதாம் நாள் பூசைக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து உன் சிநேகிதர் வந்திருந்தார், மீன் ஏலம் விடுகிறவர். உன்னைப் பெருமையாகச் சொல்லத்தான் சொன்னார்.

"பொறந்தநாளு அன்னிக்கி ஏலம் முடிஞ்சி நேரா வந்தேம்மா, காலைல இருந்து பட்டினி. மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு. அவரு பங்கு ஒண்ணு, உள்ள கேட்டு வாங்கினது ஒண்ணு, ரெண்டுமே எனக்குத்தான் எடுத்தாந்தாரு. நீ ஒண்ண வாங்கிக்கினியா, மிச்சத்த எங்கிட்ட குடுத்துட்டாரு. அவரு ஒண்ணுமே துன்னல."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு. இது அவருக்கு என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். சொன்னால் பசியோடு நின்றவரை எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பதில் திருடன் பட்டத்தை நீ வாங்கிக்கொண்டாய். அதை உனக்குக் கொடுத்தவள் உன் கூடப்பிறந்தவள்.

இந்த முறை தனியாக ஒரு குண்டான் கிச்சடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு நானே சுற்றி வருவேன். உன்னைப் போல் விரல் இடுக்கில் தள்ள எனக்கு வராது. இரண்டு முறை கேட்கவாவது செய்வேன்.

பொய் சொல்ல மாட்டேன், அண்ணே. நீ இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு ஒரு கிண்ணம்தான் கொடுப்பேன். உன் கையில் இன்னொன்றைப் பார்த்தால், அது யாருக்கு என்று கேட்பேன்.