மூன்றாம் பக்கம்

விஷ்ராந்த்வாடி, புனே
17.6.2001

அன்புள்ள அனந்தராமனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ எப்போதும் நலமாக இருக்கிறவன். முப்பது வருஷமாக எனக்குள்ள வியாதியே அதுதான்.

என் பெண் ப்ரீதிக்கு நீ அனுப்பிய கட்டு வந்தது. சிவில் படித்தால் எந்தெந்த இலாகாவில் வேலை, சுற்றுச்சூழல் பொறியியலை மேற்படிப்பில் எடுப்பது ஏன் நல்லது, மாணவர்கள் சேரக்கூடிய பொறியாளர் சங்கத்தின் படிவம், புத்தகப் பட்டியல், எல்லாம் கிடைத்தன. நானும் கேம்ப் கடைத்தெரு வரை ஆட்டோவில் போய், தலையணைப் பருமனில் ஒரு கம்ப்யூட்டர் படிப்பு வழிகாட்டி வாங்கி வந்திருந்தேன். இப்போது அதன்மேல் உன் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ப்ரீதி, "எனக்கு நாலா வேலைதான் வேணும்ப்பா" என்றாள். அவள் தமிழை நாம்தான் திருத்திக் கேட்க வேண்டும். நல்ல வேலை என்று திருத்திக்கொண்டு ஃபாக்டரி முழுக்கப் பெருமையடித்தேன். பிறகுதான் புரிந்தது. எங்கள் காலனிக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்கு இந்த ஊரில் நாலா என்று பெயர். மழைக்காலத்தில் அது வீட்டுக்குள் வருவதை இவள் நிறுத்தப் போகிறாளாம். என் மனைவி பட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

ப்ரீதிக்குத் தமிழ் படிக்க வராது. உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். வரிக்கு வரி, "அனந்து மாமாவுக்கு எவ்ளோ தெரியுது" என்றாள். நான் இருபத்தாறு வருஷமாக ஃபாக்டரி டிராயிங் ஆபீஸில் மரப்பெட்டி வரைகிறேன்; பெட்டிக்குள் என்ன போகிறதென்றுகூட எனக்குச் சொல்வதில்லை. நீயும் நானும் ஒரே நாளில்தான் சிவிலுக்கு விண்ணப்பம் போட்டோம். உனக்குக் கிடைத்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

மூன்றாம் பக்கத்தில், சிவிலையே முதல் விருப்பமாக எழுது, கல்லூரி திறக்குமுன் ஒரு வாரம் சென்னைக்கு வா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தத் தாளை அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நாலாம் பக்கத்துக்குத் தாவினேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போடுகிற உன் பழக்கம் நாசமாய்ப் போக. எண் அவளுக்குத் தெரியுமே. "ரெண்டுக்கு அப்புறம் நாலு வருது. தீன் எங்கேப்பா?" என்றாள். உனக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையில் தாள் ப்ரீதியிடம் அகப்பட்டது. மாடிவீட்டு மரியம்மாள் டீச்சரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். நாலு நாளாக என்னிடம் பேச்சில்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கான விருப்பப் படிவத்தை நாளை கொடுக்க வேண்டும். தகப்பன் கையெழுத்தில்லாமல் வாங்க மாட்டார்கள். இன்று காலை பேசாமலேயே என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பெயர், மதிப்பெண் எல்லாம் நிரப்பியிருந்தாள். முதல் விருப்பம் மட்டும் காலி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரப்பெட்டிக்கு ஒருநாளும் எழுதாத அழகான எழுத்தில் சிவில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் ரயிலேற்றி விடுகிறேன். காரம் அவளுக்கு ஆகாது. உன் பெண்ணாக நினைத்துப் பார்த்துக்கொள் என்று எழுத வந்தது. வேண்டாம், என் பெண்ணாகவே நினைத்துப் பார்த்துக்கொள்.

மரியம்மாள் டீச்சரிடம் தமிழ் எழுத்துக் கற்க ஆரம்பித்திருக்கிறாள். என்னை நம்பாததால்தான். இப்போதைக்கு ஆவன்னாவில் நிற்கிறாள். தயவுசெய்து அவளுக்கு இங்கிலீஷில் எழுதிவிடாதே. அவள் தானே படிக்கும்வரை நான் படித்துக் காட்டுகிறேன், மூன்றாம் பக்கத்தையும் சேர்த்து.

உன் பழைய பெஞ்சுக்காரன்,
ஜம்புநாதன்