கவுன்சில் கடிதமும் சருகு நெருப்பும்

12 ஒக்ரோபர் 1991, சனி

உலகத்தாருக்கு அறியத்தருவது என்னவென்றால், லண்டன் பிளேஸ்டோவில் எங்கடை வீட்டுப் பின்வளவில் இன்று தொடக்கம் நெருப்பு மூட்டத் தடை. சட்டம் போட்டது நான். கவுன்சில் கடிதங்களை அப்பாவுக்கு வாசிச்சுச் சொல்லுறது நான்தானே. புகை அயலவைக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு மட்டும்தான் இண்டைக்கு வந்த கடிதத்திலை இருந்தது. "ஒரு சருகும் எரிக்க ஏலாதாம், அப்பா" எண்டன். எரிக்காட்டி கூட்டவும் தேவையில்லை, பந்தடிக்கப் போகலாம்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ஜோர்ஜ் கிழவர் குப்பையைக் கொளுத்த, அப்பா வேலியாலை எட்டித் தடுத்தார். "ஆர் சொன்னது?" எண்டு கிழவர் கேட்டார்.

"என்ரை மகன் வாசிச்சவன். அவன் பிழை விடமாட்டான்" எண்டார் அப்பா, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை.

கெட்டிக்காரன் எண்டால் அந்த இடத்திலை பேசாமல் நிண்டிருப்பான். நான் ஒருத்தரும் கேளாமலே உண்மையை உளறிப்போட்டன். கிழவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்பா விளக்குமாற்றை நீட்டினார். ரண்டு வளவும் கூட்டி முடிய இருட்டிப்போச்சு.