கண்டியில் கைக்கு வந்த பூ

ஐப்பசி, வெள்ளி ராத்திரி.

முந்தாநாள் கண்டி புத்தர் கோயில்ல இருந்தது நான், மகன் செல்வராசு, மருமக ராணி, நாத்தனா காளியம்மா. கீரமங்கலம் வந்து படுத்தும் தூக்கம் வரல.

அங்க புருசன் உள்ளவளுகளும் வெள்ளைதான் கட்டியிருந்தாளுக. ஒருத்தி என் வெள்ளைச் சீலையப் பாத்துச் சிரிச்சு, புத்தருக்கு வைக்கச் சொல்லி அல்லிப்பூ ஒண்ணு குடுத்தா. எம்புருசன் போனதுலேர்ந்து என் கையில யாரும் பூக் குடுத்ததில்ல.

"தாலியறுத்தவளுக்கு என்னா பூ மதினி? இங்கிட்டு குடு"ன்னு காளியம்மா புடுங்கி, அவளே வச்சா.

அவ அப்புடித்தான். எழவு வீட்டுல என் தலைப்பூவப் பிச்சவளும் அவதான்.

மகன் பக்கத்துலதான் நின்னான். "விடாத்தா, ஊரு பாக்க வந்த எடத்துல சண்ட வேணாம்"னு எங்கிட்டத்தான் சொன்னான். அப்பறம் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். ஒரு பூவையும் நான் ஏறிட்டுப் பாக்கல.

மன்னிக்கவே மாட்டேன், செல்வராசுவ.