தம்பி செய்த நவாஹோ கேடயம்

என் ஆசைத் தம்பி அன்ரனுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நோபல் பார்க்கில் ஒரே மழையும் காற்றும். கராஜுக்குள் உன் கட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது. உன் அத்தான் தன் காரைப் பழையபடி உள்ளே விடவேண்டும் என்று நிற்கிறார். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும், நல்ல செய்தி இல்லை. உன் கேடயத்தைத் தமிழாக்கிவிட்டார்கள்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மண்டபத்தில் மரபுக் கண்காட்சி வைக்கிறார்களாம், வீடு வீடாகப் பழைய சாமான் தேடுகிறார்களாம். அத்தான் கராஜைத் திறந்து காட்டியிருக்கிறார். உன் கேடயத்தின் தோல் நாற்றம் வீட்டை விட்டுப் போனால் போதும் அவருக்கு. கேடயத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரவு சாப்பிடும்போதுதான் எனக்குச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே மண்டபத்துக்குப் போனேன். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டு விரித்த மேசையில் அது இருந்தது. "பண்டைத் தமிழ் மறவர் கேடயம்" என்று கீழே ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அதோடு விட்டார்களா? நடுவில் தங்கப் பெயின்றால் பெரிய சூரியன் ஒன்று.

இந்தக் கடிதம் நாளைக்கு வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், குறை நினைக்காதே.

நீ டண்டினோங் பக்கம் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தாய். நூலகத்தில் ஒரு படப் புத்தகம் உன் கையில் அகப்பட்டது. அமெரிக்காவின் பூர்வகுடிகளான நவாஹோ மக்களின் ஆயுதங்களும் காப்புகளும் பற்றியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்தாய். மான் தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த சண்டைச் சட்டை, வில்நாண் அடிக்காமல் மணிக்கட்டில் கட்டும் தோல்பட்டி, மலைச்சிங்கத்தின் தோலில் தொப்பி என்று குசினிக்குள் வந்து வந்து எனக்குக் காட்டுவாய். எனக்கோ அடுப்பில் கறி கருகும். ஒருநாள் வந்து படம் காட்டாமல் கதிரையில் இருந்துகொண்டு சொன்னாய்.

"சண்டைக்குப் போனவன் திரும்பி வந்தால் அவனைச் சும்மா விடமாட்டினமாம் அக்கா. செத்தவையின்ர ஆவி பின்னால வரும் எண்டு, சனமெல்லாம் கூடி நாட்கணக்கில பாட்டுப் பாடி, அவனைச் சுகமாக்கித்தான் விடுவினமாம். எங்களுக்கு ஆர் பாடினது?"

ஊரில் பள்ளிக்கூடத்தால் வந்துகொண்டிருந்த உன்னை இயக்கத்துக்காரர் பிடித்துக்கொண்டு போய் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். நீ திரும்பி வந்தபோது அம்மா மெழுகுதிரி கொளுத்தினாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தில் வில் இருந்தது, ஈட்டி இருந்தது. நீ ஒன்றையும் தொடவில்லை, கேடயம் மட்டும் செய்தாய். மாட்டின் இடுப்புப் பக்கத்துத் தடித்த தோலை வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்தாய். பின்வளவில் மண்ணைக் குவித்து, ஈரத்தோலை அதன் மேல் இழுத்து முளை அடித்துக் காயவிட்டாய். பக்கத்து வீட்டு நாய் வேலியில் ஏறி நின்று குரைத்தது. காய்ந்த பிறகு அதில் சூரியன் ஒன்று வரையேன், வடிவாயிருக்கும் என்றேன். அது அவர்களுடைய சாமிக் குறி அக்கா, நான் போடக்கூடாது என்று வெறுமனே விட்டாய்.

நீ மரியாதைக்காக விட்ட இடத்தில்தான் இவர்கள் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

அடித்தது யார்? நீ உயிரோடு இருந்தபோது, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு உன்னைக் கூட்டிவர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்ட அதே சங்கம். கலியாண வீடுகளில் உனக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாகத்தான் இருந்தது. துவக்குப் பிடித்தவன் என்று உன் முதுகுக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். செத்த பிறகு நீ மறவர் பரம்பரை!

செயலாளரிடம் போய் இது நவாஹோ மக்களின் முறையில் செய்தது என்றேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

"பிள்ளை, நவாஹோ எண்டால் இஞ்ச ஆருக்கு விளங்கும்? கேடயம் எண்டால் கேடயம்தானே. தம்பியின்ர கல்லறைக் கல்லையும் சங்கமே வைக்கும். 'வீரத் தமிழ் மறவன்' எண்டு போடுவம், உங்களுக்கும் பெருமைதானே."

உபகாரம் செய்கிற முகம் அவருக்கு. நான் கூட்டத்தின் நடுவில் நின்று உரத்துச் சொன்னேன். இது என் தம்பி செய்தது, சண்டைக்குச் செய்யவில்லை, சண்டை அவனை நித்திரை கொள்ளவிடாதபடியால் செய்தது என்றேன். ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, வீட்டுக் கதையை ஏன் சபையில் சொல்லுகிறீர் என்றார்.

செயலாளர் அந்த அட்டையை எடுத்துக் கிழித்தார். நிறுத்தி வைத்த உன் கேடயத்தையும் தூக்கி ஒரு கடைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எங்கடை இல்லையெண்டால் இஞ்ச வைக்க ஏலாது பிள்ளை."

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை. வயிற்றெரிச்சலில் வந்த அழுகைதான் அது. வீட்டில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். பெயின்ற் தோலுக்குள் இறங்கிவிட்டது, போகவில்லை. அப்படியே விடு, நல்லாய்த்தானே இருக்கிறது என்கிறார் அத்தான். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுசனுக்கே விளங்காவிட்டால், சங்கத்தை மட்டும் என்னவென்று நோவது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உன் கல்லுக்கு யாரும் வசனம் எழுதித் தர வேண்டாம். கல்லு வெட்டுகிறவரிடம் நானே போவேன். மறவன் என்று ஒரு எழுத்தும் அதில் வராது. உன் பெயரைப் போட்டு, அதன் கீழே 'பள்ளிக்கூடத்தால் வரும்போது பிடித்துக்கொண்டு போன பிள்ளை' என்று வெட்டுவிப்பேன். மலர் வளையத்தோடு வருகிறவர்கள் நின்று வாசிக்கட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வருவாய் என்று அன்றைக்கு வாசலில் பார்த்துக்கொண்டு நின்ற
அக்கா