கறி கிழவியான விவரம்

சேசு மரி சூசை துணை

அக்காள்மடம்
18–9–1957

அன்பு மகன் எட்வர்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அய்யாவும் உன் பெண்சாதி ஆகத்தாவும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் என் புத்திக்குத்தான், ஒரு மாதமாக எனக்கு எதுவும் விளங்கவில்லை. நீ கப்பலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தில் படுக்காமல், சுகமாக இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. சோழகக் காற்று இன்னும் ஓயவில்லை, தெற்கேயிருந்து மணலை வாரி வாசலில் கொட்டுகிறது, பெருக்கிப் பெருக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. உன் அய்யா வடகடலில்தான் வலை போடுகிறார், சூடை மீன் ஓரளவு படுகிறது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அவள் ஆசையாகச் சமைத்ததை நான் தண்ணீரில் கொட்டினேனாம், ஒரு வாய்கூடத் தின்னவில்லையாம், அவள் அழுது எழுதியிருக்கிறாளாம், நாகப்பட்டணத்துக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன், ஏற்றிவிடுங்கள், அவள் பினாங்கில் தன் தாய் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், சரியா இல்லையா என்று மறு தபாலில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். கேட்பாய் ராசா, ஏன் கேட்க மாட்டாய், நான்கு வரி படித்துவிட்டுத் தாய்க்குத் தீர்ப்புச் சொல்கிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டாய். நடந்தது என்னவென்று எழுதுகிறேன், படித்துவிட்டு உனக்காவது விளங்குகிறதா பார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை யாராவது கறி எடுப்பார்களா, நீயே சொல். நம் வீட்டில் கறி என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மல்லியும் மிளகாயும் அம்மியில் மைபோல அரைத்து, அடுப்பில் ஏற்றினால் தெருவுக்கே தெரியும். அதுவும் பெரிய கறி, மாட்டுக்கறி என்றால் நான் முழு ஜெபமாலை இரண்டு தரம் சொல்லி முடித்த பிறகுதான் மூடியைத் திறப்பேன். உன் பெண்சாதி என்ன செய்தாள், பொழுது சாயும் நேரத்தில், பாம்பன் கறிக்கடைக்காரர் வீட்டு ஹமீதா பானுவிடம் வாங்கிய மாட்டுக்கறியை எடுத்து வைத்துக்கொண்டு, நார் ஓடுகிற பக்கத்துக்குக் குறுக்கே, வெற்றிலை கனத்துக்குச் சீவினாள். குழம்புக்கு இப்படிச் சீவினால் கரைந்தல்லவா போகும் என்று நினைத்தேன், சொல்ல எனக்கு அவளுடைய சீன பாஷை வராது. கொஞ்சம் மாவைத் தூவினாள், பினாங்கிலிருந்து கொண்டுவந்த போத்தலில் இருக்கிற, அவள் சோயா என்கிற கறுப்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தாள். அந்தப் போத்தலை மூட்டுவலித் தைலம் என்று நினைத்து உன் அய்யா முழங்காலில் தேய்த்து, மூன்று நாள் எறும்பு மொய்த்த கதை வேறு, அதைப் பிறகு எழுதுகிறேன். சட்டியைப் புகை வரும் வரை காய வைத்து, எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பினாள். நான் கிண்டப் போனால் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அப்புறம் இரண்டு புரட்டுப் புரட்டித் தட்டில் எடுத்து வைத்துவிட்டாள். அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, கொத்தவரங்காய், நான்கு கீற்றுக் கத்தரிக்காய், எல்லாம் போட்டு வதக்கி, கடைசியில் கறியைத் திரும்பவும் உள்ளே தள்ளி, இன்னும் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் விட்டு இறக்கிவிட்டாள். ஜெபமாலையில் நான் ஒரு பத்து மணி உருட்டவில்லை, சோறு தின்ன வாருங்கள் என்று கையைக் காட்டுகிறாள். இது குழம்பா, வறுவலா, பொரியலா, காய்க்குக் கறி துணையா, கறிக்குக் காய் துணையா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மியைத் தொடவே இல்லை எட்வர்டு, அது காய்ந்தபடி கிடக்கிறது.

ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே லேசாகச் சிவப்பு. கடல் கடந்து வந்த பிள்ளை, வேகாத கறியைத் தின்று வயிற்றோட்டம் கண்டு படுத்துவிட்டால் உனக்கு நான் என்ன பதில் சொல்வது. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் பானையில் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி, மிளகாய்த்தூளும் போட்டு, அடுப்பை எரியவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன், அந்தோணியார் மேல் ஆணை. முதல் ஜெபமாலை பாதியில் நிற்கிறது, அவள் வந்து மூடியைத் தூக்கினாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, நல்ல தமிழில், கிழவி என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் கரண்டியோடு அப்படியே நிற்கிறேன். இந்த அக்காள்மடத்தில் இதுவரை ஒருத்தி என்னை அப்படிச் சொன்னதில்லை, மாமியார்கூடச் சொன்னதில்லை. உன் அய்யா வந்ததும் முறையிட்டேன், அவர் என்ன சொன்னார் தெரியுமா, இருக்கிறதைத்தானே அந்தப் புள்ள சொல்லுது, இதுக்கு ஏன் மூக்கைச் சிந்துற என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேனா இல்லையா என்பது இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை, ஏற்கெனவே பாஷை இல்லாத இரண்டு பேர் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, பார்த்த ஆள்களுக்கும் தெரியவில்லை, வழக்கம்போல இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். அவள் உனக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை உன் அய்யாதான் கொண்டுபோய்த் தபாலில் போட்டார். என்ன எழுதியிருக்கிறாளோ என்று மனசு அடித்துக்கொண்டது, பங்குச் சாமியாரிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்வார், ஆனாலும் மருமகள் கடிதத்தைப் பிரிப்பது பாவம், கறி வெந்ததா வேகவில்லையா என்று அவரிடம் போய் நியாயம் கேட்கவும் வெட்கம். இதற்கு நடுவில் ஹமீதா பானு வந்து, ஒங்க மருமக நாகப்பட்டணத்துக் கப்பல் எப்ப வருதுன்னு எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டுச்சு, ஊருக்குப் போகுதாக்கும் என்று கேட்டாள். சனிக்கிழமை உன் கடிதமும் அதையே சொன்னது. சரி, போவதென்று முடிவு செய்துவிட்டாள், நாம் யார் தடுக்க என்று இருந்தேன். அன்று இரவு சாப்பிடவில்லை, அது கோபத்தில் இல்லை. வந்த நாளில் இவள் யாரோ என்று இருந்தது, போகிறாள் என்றதும் ஏன் அழுகை வருகிறது என்று எனக்கே புரியவில்லை.

திங்கட்கிழமை வெண்டைக்காய் வாங்கினேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே, காய் ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். டக்கென்று ஒடிந்ததை மடியில் வைத்துக்கொண்டாள். ஒடியாமல் வளைந்ததை எடுத்து என் பக்கம் நீட்டி, கிழவி என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. அடுத்த முற்றலையும் எடுத்து, கிழவி என்று சொல்லி ஓரமாகப் போட்டாள். அப்போதுதான் பொறி தட்டியது. ஒடிந்த பிஞ்சு ஒன்றை எடுத்து, இது என்ன என்று கேட்டேன், பிள்ளை என்றாள். அடுப்பைக் காட்டி, பானையைக் காட்டி, கறி என்றேன். அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு மெல்லுவது போல மென்று காட்டி, தண்ணி, ரொம்ப நெருப்பு, கறி கிழவி என்றாள். ஏலே எட்வர்டு, முற்றல் என்று ஒரு சொல் தமிழில் இல்லையா, சவ்வு மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஒரு வழி இல்லையா. அவளுக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் நீ சொல்லிக்கொடுத்தது, பக்கத்து வீட்டு ஆயாவைக் காட்டிக் கிழவி என்று சொல்லிக்கொடுத்த வாய்க்கு இதைச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லாமல் போயிற்றா. ஒரு மாதமாக ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் பேசாமல் இருந்ததற்கு நீதான் காரணம், என்னிடம் விளக்கம் கேட்டு எழுதுகிறாய். நான் சிரித்தேன், அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை, என்னைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

கறி விஷயம் மட்டும் இன்னும் குழப்பம்தான். தீ அதிகமானால் கறி முற்றிப்போகும் என்கிறாள் அவள், தீ அதிகமானால்தான் கறி பஞ்சாகும் என்பது என் அனுபவம், இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும். ஹமீதா பானுவைக் கேட்டேன், நெருப்பைக் கண்டா கறி மொதல்ல இறுகும், அப்புறந்தான் எளகும், ஒங்க மருமக இறுகுறதுக்கு முன்னாடி எறக்கிருது, நீங்க எளகுற வரைக்கும் காத்திருக்கீங்க, அன்னைக்கு ரெண்டும் இல்லாம நடுவுல தொறந்தாச்சு என்றாள். இருக்கலாம், எனக்கு முழுசாக நம்பிக்கை இல்லை.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளைக் கேட்டேவிட்டேன். கையைக் கப்பல் மாதிரி அசைத்து, பினாங்கு போறியாம்மா என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் பாம்பன் பக்கம் நடந்துவிட்டாள். நம் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் வாரேன் என்றுதானே சொல்கிறோம், இவள் எந்த வாரேனைச் சொன்னாள். பாம்பனில் ரயிலடி இருக்கிறது, பெட்டியை எடுக்காமல் போகிறாளே, பெட்டியைப் பிறகு அனுப்பச் சொல்லுவாளோ, வெறும் கூடையோடு யாராவது ஊருக்குப் போவார்களா என்று நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடி இருந்தேன். வெயில் ஏறும் நேரத்துக்குக் கறியோடு வந்து நின்றாள். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம், நான் சீவினேன், அவள் வதக்கினாள். அவள் கேட்கிற சூட்டுக்கு என் மண்சட்டி படீரென்று இரண்டாகப் போயிற்று, எண்ணெய் அடுப்பில் கொட்டித் தீ கூரைக்கு எழும்பி, உன் அய்யா ஈரச் சாக்கோடு ஓடி வந்தார். மிச்சத்தைத் தோசைக்கல்லில் போட்டு முடித்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்லிவிடாதே, கொஞ்சம் மிளகாய் போதவில்லை. உடைந்த சட்டியைப் பார்த்துவிட்டு அவள், என் சட்டி, பினாங்கு, கப்பல், இங்க என்று சொல்லித் தரையைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு விளங்க வெகுநேரம் பிடித்தது. நாகப்பட்டணத்துக் கப்பலை அவள் விசாரித்தது ஏறிப் போவதற்கு இல்லையாம், தாய் வீட்டில் கிடக்கிற தன் இரும்புச் சட்டியை வரவழைப்பதற்காம்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில், டிக்கெட் எடுக்காதே, சட்டியை அனுப்பு. அவள் அழுது எழுதியது நிசமாக இருக்கலாம், நானும்தான் அழுதேன், அதற்காக என்னை எந்தக் கப்பலில் ஏற்றுவாய். உன் கப்பல் பினாங்கு பக்கம் போகும்போது அவள் தாயாரிடம் வாங்கி, துணியில் சுற்றி, உன் அய்யா பேர் எழுதி அனுப்பு. கறுப்புத் தண்ணீர் போத்தலும் வேண்டும், அதன் மேல் இது தைலம் அல்ல என்று தமிழில் எழுதி ஒட்டு. வெள்ளிக்கிழமை கறி தின்னாதே, கப்பலில் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காதே. தேவமாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும், தாயும் தகப்பனும் தருகிற ஆசீர் உன் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
சூ. மிக்கேலம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஆகத்தா கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் தாய் வீட்டில் இரண்டு சட்டி இருக்கிறதாம். நம் மூன்று பேருக்குச் சின்னது போதும் என்று மூன்று விரலைக் காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் கையில் இன்னும் ஒரு விரலை நிமிர்த்திவிட்டு, எட்வர்ட் என்றாள். பெரிய சட்டியையே அனுப்பு.