கயல் கண்ட நீராவி

வெள்ளி இரவு, கம்போங் ராஜா, மலேசியா.

மாலையில், வானியல் ஆய்வு செய்யும் மகள் கயல் போன் செய்தாள். தொலைதூரக் கோள் ஒன்றின் காற்றில் அவள் கண்ட நீராவி அந்தக் கோளுடையதே இல்லையாம். அது சுற்றிவரும் நட்சத்திரத்தின் குளிர்ந்த புள்ளிகளில் இருந்த நீராவிதான் ஒளியில் கலந்து வந்து ஏமாற்றியிருக்கிறது.

"எவன் சொன்னான்?" என்று கத்திவிட்டேன்.

"நான்தான்ப்பா. திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டேன்லா," என்று சிரித்தாள்.

வருடக்கணக்கான உழைப்பு. "வெளியே சொல்லித்தான் ஆகணுமா?" என்றேன்.

"கட்டுரையில முதல் வரியே அதுதான்ப்பா."

நீராவி உறுதியானால் ஒரு தேங்காய் உடைப்பதாகத் தேயிலைத் தோட்டத்து முருகனிடம் வேண்டியிருந்தேன். உறுதியாகவில்லை. அந்த முதல் வரிக்காக நாளைக் காலை இரண்டு உடைக்கப் போகிறேன்.