படத்தின் பின்பாதி

டில்லி,
3-6-1974

அன்புள்ள அஸ்மத்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போன படத்தில் பெண்கள் எந்த இடத்தில் அழுதார்கள் என்று எழுதினாய், எத்தனை பேர் என்று எழுதவில்லை. இதையெல்லாம் விட்டுவிடலாமா? தமிழ்ப் படங்களில் குடும்பப் பெண் என்று ஆராய்ச்சிக்குத் தலைப்பு வாங்கிவிட்டு, தமிழ்ப் படமே வராத ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். திருவல்லிக்கேணியில் நீ இருப்பதால்தான் என் ஆராய்ச்சி ஓடுகிறது. அம்மா அபிராமபுரத்திலிருந்து எழுதுகிறாள், ஆனால் அவளுக்கு வில்லன் பேரைத் தவிர எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

ஒன்று கவனித்தாயா? பணக்கார வீடு என்றால் கூடத்தில் வளைந்த படிக்கட்டு இருக்கும். அதில் யார் மேலே நிற்கிறார், யார் கீழே நிற்கிறார் என்று பார். வசனமே வேண்டாம், அதிகாரம் யாரிடம் என்று தெரிந்துவிடும். என் பேராசிரியர் பானர்ஜிக்கு இது ரொம்பப் பிடித்தது.

புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டி வருகிற அந்தப் புதுப் படம் வந்துவிட்டதாமே. பார்த்ததும் எழுது. கடைசிக் காட்சியும், கூட்டம் என்ன சொன்னது என்பதும் அவசியம்.

உன்,
சுலோ


திருவல்லிக்கேணி,
14-6-1974

அன்புள்ள சுலோ,

உன் கடிதத்தைப் பிரித்தாலே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கிறது. அழுதவர்களை இருட்டில் எப்படியம்மா எண்ணுவது? பன்னிரண்டு என்று வைத்துக்கொள். என்னையும் சேர்த்தால் பதின்மூன்று.

படிக்கட்டு விஷயம் சரிதான். எங்கள் சந்தில் மாடி உள்ள வீடு ஒன்றே ஒன்று. அதிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அங்கே நின்று திமிர் காட்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

படத்துக்கு வருகிறேன். அந்த இன்னொருத்தியும் கைவிட்ட பிறகு புருஷன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். பெண்டாட்டி அவனை உள்ளே விடுகிறாள். இலை போட்டு, சோறு வைத்து, ரசம் ஊற்றுகிறாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறாள். அவன் ஈரக் கையோடு நிற்கிறான். அவ்வளவுதான் படம்.

பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். எதிர் வீட்டு அபயாம்பாளை உனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஐயே, சோறு போட்டுட்டுப் போனா பாரு, அதாம்மா விசயம்! பட்டினி போட்டுட்டுப் போயிருந்தா ஊரு அவளத்தான் ஏசும். இப்ப இன்னான்னு ஏசுவான்?”

பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ மட்டும் கை தட்டவில்லை. “அவ எங்கே போவா?” என்று கேட்டாள்.

வேறென்ன, நாள் நகர்கிறது. கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. இவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அஸ்மத்


டில்லி,
2-7-1974

என் அஸ்மத்,

உன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும்! அந்த ஈரக் கையைப் பற்றிச் சொன்னதும் பேராசிரியர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். நாம் பார்த்த படங்களில் எல்லாம் பெண் வாசலைத் தாண்டினால் ஒன்று செத்துப்போவாள், இல்லை கெட்டுப்போவாள். இவள் கடமையை முடித்துவிட்டுத் தாண்டுகிறாள், பார்க்கிற பெண்களும் கை தட்டுகிறார்கள். நான்காம் அத்தியாயம் முழுக்க இந்த வாசல்தான்.

வாரம் ஒரு படமாவது எழுது, நானும் உடனுக்குடன் பதில் போடுகிறேன். அலுப்பு என்று எழுதியிருந்தாயே, படம் ரொம்ப நீளமா?

சுலோ


டில்லி,
18-11-1974

அஸ்மத்,

இங்கே தமிழ்க்காரர்கள் எப்போதாவது ஞாயிறு காலை ஒரு தியேட்டரை எடுத்துப் படம் போடுவார்கள். நேற்று போட்டது உன் வாசல் படம். பேராசிரியரைப் பெருமையாகக் கூட்டிப் போனேன், பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தையெல்லாம் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். கடைசிக் காட்சி வந்ததும், “இப்போது பாருங்கள்” என்றேன்.

அவள் புருஷன் காலில் விழுந்தாள். காலடி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். சுபம் போட்டுவிட்டார்கள்.

 பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அத்தியாயம் போயிற்று. நீ எழுதிய மற்ற பதினோரு படங்களையும் இனி நம்ப முடியாது. ஏன் இப்படிச் செய்தாய்? நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?

சுலோச்சனா


திருவல்லிக்கேணி,
27-11-1974

அன்புள்ள சுலோ,

உன் கோபம் நியாயம். நான் படம் பார்த்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஆகஸ்டில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சைக்கிள் கடையை இவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவரைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே மேட்னிக்குப் போவது? தண்ணீர்கூட நான் பிடித்துக் கொடுத்தால்தான்.

பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் அபயாம்பாள் எனக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கி வருவாள். அதில் கதைச் சுருக்கம் பாதி வரைதான் போட்டிருக்கும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவான். அந்த மீதியை நானே கற்பனையாக வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சுலோ, கல்யாணமானதிலிருந்து நீ எனக்கு வருஷத்துக்கு ஒரு ஈத் வாழ்த்து அனுப்பினவள். ஆராய்ச்சி வந்த பிறகுதான் வாரம் ஒரு கடிதம். படம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன். வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் எனக்கென்று வருவது அது ஒன்றுதான்.

கைதட்டல் பொய் இல்லை. சாயங்காலம் நாலைந்து பெண்கள் இங்கே வந்து உட்காருவார்கள், நான் கதை சொல்லுவேன். அபயாம்பாள் சொன்னதிலும், ஹாஜிரா பீ கேட்டதிலும் ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை.

பையை எடுத்துக்கொண்டு போனவள் மட்டும் என்னுடையவள். ஒருநாள் இவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது தோன்றினாள். இவர் என்ன பாவம் செய்தார், ஏன் எனக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்று அன்றைக்கெல்லாம் அழுதேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

என்னை மன்னித்துவிடு.

அஸ்மத்


டில்லி,
10-12-1974

என் அன்பு அஸ்மத்,

இனாயத் பாய்க்கு இப்படி ஆனது தெரியாமலே போயிற்று. மிகவும் வருத்தம். தைரியமாக இரு.

உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்! படம் பார்க்காத பெண்கள் படத்தை முடித்துவைக்கிறார்கள், இதை யாரும் எழுதியதில்லை என்கிறார். அத்தியாயம் போகவில்லை அஸ்மத், இரட்டிப்பாகிவிட்டது. கோபத்தில் எழுதியதை மறந்துவிடு.

உடனே வேண்டியவை: பன்னிரண்டு படங்களுக்கும் நீ வைத்த முடிவுகள். கதை கேட்கிற பெண்களின் வயது, படிப்பு, வேலை. பிறகு, சோறு ஊட்டும்போது தோன்றியது என்றாயே, அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுது. அதுதான் மையம். பேரை மாற்றிவிடுவேன், கவலைப்படாதே. ஜனவரிக்குள் கிடைத்தால் நல்லது.

உன்,
சுலோ


திருவல்லிக்கேணி,
20-12-1974

அன்புள்ள சுலோச்சனா,

பன்னிரண்டு முடிவுகளையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அபயாம்பாளுக்கு ஐம்பது இருக்கும், கையெழுத்துப் போடத் தெரியும். ஹாஜிரா பீக்கு அறுபது, குர்ஆன் ஓதத் தெரியும், வேலை வீட்டு வேலைதான். மற்ற மூன்று பேருக்கும் வயது கேட்டால் பிடிக்காது.

சோறு ஊட்டியதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது உனக்கு எழுதினது, பேராசிரியருக்கு இல்லை.

உன் கடிதம் வந்தால் இவருக்கு வாசித்துக் காட்டுவேன். நீ கோபமாக எழுதியதைக்கூட வாசித்தேன், சிரித்தார். இந்தத் தடவையும் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லித் தயாராக இருந்தார். முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இவர் பேசுவது இப்போது எனக்கு மட்டும்தான் புரியும். “என் உடம்பைப் பத்தி எழுதினியே, உன்னைப் பத்தி என்ன கேட்டிருக்காங்க?” என்றார்.

ராத்திரி தூங்குகிறாயா என்று நீ கேட்டிருப்பதாகச் சொன்னேன். இவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலிக்குமே, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டிருப்பதாகச் சொன்னேன். லீவில் வந்து நாலு நாள் என்னோடு இருக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய் என்றேன். இவர் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல பொண்ணு” என்றார்.

உனக்காக நான் சொன்ன பொய்களில் இதுதான் கடைசி. இனிமேல் கடிதம் போடாதே. வந்தால் இவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அஸ்மத்துன்னிசா